மீன் கூட்டத்தில் மென்பொருள்

திருவண்ணாமலை ரமண நகரில் எதற்கும் காப்புரிமை கிடையாது. இருந்திருந்தால் செங்கம் ரோட்டில் பாதிக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை உத்தியோகஸ்தர், மௌனமாக உட்கார்ந்திருந்த பிராமண சுவாமியிடம், அதாவது பிற்பாடு ரமண மகரிஷி ஆனவரிடம், போய் "நான் யார்?" என்று கேட்டார். சுவாமி வாயைத் திறக்காமல் மணலிலும் சிலேட்டிலும் பதில் எழுதிக் காட்டினார். 1923-இல் அது புத்தகமாயிற்று. அந்த ஒரு கேள்வியை வைத்துப் பிழைக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால், மார்கழி பிறந்ததும் ஆசிரமத்தைச் சுற்றியுள்ள காபிக் கடைகளின் நோட்டீஸ் பலகை முன்னால் நின்றால் போதும். போட்டோவுக்குப் போட்டோ ஒரு குரு கனிவாகச் சிரிப்பார். கேள்வி அதேதான். நன்கொடை மட்டும் யூரோவுக்கு மாறிவிட்டது.

சுவாமி காலத்திலேயே இந்த வியாபாரம் தொடங்கிவிட்டது. மலைமேல் இருந்த நாட்களில் பாலானந்தா என்றொரு சாது வந்து ஒட்டிக்கொண்டார். வருகிற பக்தர்களிடம் இந்தப் பையன் என் சிஷ்யன் என்று அறிமுகப்படுத்துவார். சுவாமியிடம் சாது எதையும் ஒளிக்கவில்லை. உன் குரு நான்தான் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொள்கிறேன், உனக்கொன்றும் நஷ்டமில்லை, மறுத்துப் பேசாதே என்று முகத்துக்கு நேராகவே ஏற்பாடு செய்துகொண்டார். சுவாமி மறுத்துப் பேசவில்லை. அவர் மகான், அவருக்குக் கட்டுப்படியாகும். மியூனிக், பிரஸ்ஸல்ஸ், டெல்லி ஆகிய திருத்தலங்களில் இதே வசனத்தை மென்பொருள் விஷயத்தில் கோட்டு போட்டவர்கள் சொன்னபோது, மறுத்துப் பேச ஒரு வாயாடிக் கூட்டம் தேவைப்பட்டது.

மென்பொருள் காப்புரிமை என்றால் என்னவென்று ஒருமுறை பார்த்துவிடலாம். புரோகிராம் எழுதுகிறவருக்குப் பதிப்புரிமை தானாகவே உண்டு. அவர் எழுதிய வரிகளை இன்னொருவர் சுடக் கூடாது. நியாயம். காப்புரிமை வேறு சங்கதி. நீங்கள் எதையும் சுட வேண்டாம், பார்த்திருக்கக்கூட வேண்டாம். அதே யோசனை உங்களுக்குத் தானாகத் தோன்றி, ராத்திரி கண்விழித்து நீங்களே எழுதினாலும், முன்னால் பதிந்து வைத்தவருக்குக் கப்பம் கட்ட வேண்டும்.

இதற்கென்று ஒரு பாஷை இருக்கிறது. நம் கிரிவலத்தையே அதில் எழுதிப் பார்க்கலாம். கோரிக்கை 1: பெரும் பாறைத் திரள் ஒன்றைத் தன் வலப்பக்கம் இருக்குமாறு கொண்டு, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மூடிய பாதையில், காலணி நீக்கிய நிலையில் நடந்து, புறப்பட்ட இடத்தையே வந்தடையும் முறை. கோரிக்கை 2: கோரிக்கை 1-இல் கண்ட முறை, முழு நிலவுள்ள இரவில். கோரிக்கை 3: கோரிக்கை 2-இல் கண்ட முறை, கையில் செல்போனுடன். முதல் இரண்டையும் எந்த அதிகாரியும் குப்பையில் போட்டுவிடுவார், எட்டு லிங்கமும் சாட்சிக்கு நிற்கின்றன. மூன்றாவதைப் படித்ததும்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். மனிதன் காலங்காலமாகச் செய்கிற காரியத்தைக் கம்ப்யூட்டரோடு சேர்த்துச் செய்தால் கண்டுபிடிப்பு. ஒரே சொடுக்கில் சாமான் வாங்குவதற்கு அமேசான் 1999-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் நகர்ந்து காட்டும் பட்டை இருக்கிறதே, அதற்கு ஐபிஎம் ஐரோப்பாவில் வாங்கி வைத்திருந்தது.

ஐரோப்பாவில் வாங்கியது என்பதுதான் வேடிக்கை. 1973-இல் மியூனிக்கில் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52-ஆவது பிரிவு, கம்ப்யூட்டர் புரோகிராம் கண்டுபிடிப்பு ஆகாது என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. வெறும் புரோகிராமாக இருந்தால்தான் ஆகாது என்று அடுத்து ஒரு வால் தொங்குகிறது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு மியூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஆயிரக்கணக்கில் வாரி வழங்கியது. புறம்போக்கில் மாடி வீடே கட்டிவிட்டுப் பட்டாவுக்கு மனுப் போடுகிற மாதிரி, கொடுத்ததையெல்லாம் சட்டபூர்வமாக்க 2002 பிப்ரவரி 20 அன்று ஐரோப்பிய ஆணையம் ஒரு வரைவைக் கொண்டுவந்தது. அது கொஞ்சம் முன்கூட்டியே கசிந்திருந்தது. கசிந்த கோப்பில் எழுதியவர் பெயர் இருக்கும் இடத்தைச் சும்மா இருக்கமாட்டாத சிலர் திறந்து பார்த்தார்கள். அங்கே இருந்தது ஆணையத்து அதிகாரியின் பெயர் அல்ல, பெரிய மென்பொருள் கம்பெனிகளின் சங்கமான பிஎஸ்ஏவின் ஆள் பெயர். உலகத்துக்கே சாஃப்ட்வேர் விற்கிறவர்களுக்கு அந்த ஒரு கட்டத்தை அழித்துவிட்டு அனுப்பத் தெரியவில்லை.

எதிர்த்துக் கிளம்பியவர்களைப் பார்த்தால் புரட்சிக்காரர்கள் மாதிரியே இருக்காது. ஹார்ட்முட் பில்ஷ் என்ற மியூனிக்காரர் தலைமையில் எஃப்எஃப்ஐஐ என்ற அமைப்பு. கூடவே லினக்ஸ் பிள்ளைகள், சின்னக் கம்பெனி முதலாளிகள், பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கும் ஜாதி. 2003 ஆகஸ்டில் பிரஸ்ஸல்ஸ் தெருவில் இறங்கினார்கள். எதிர்ப்பு மனுவில் லட்சக்கணக்கில் கையெழுத்து விழுந்தது. செப்டம்பர் 24 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் வரைவுக்கு ஏகப்பட்ட திருத்தம் போட்டு, பட்டா கேட்ட வீட்டின் கூரையையே பிரித்துவிட்டது. இனி உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் குழு.

2004 மே 18 அன்று நடந்த அந்தக் குழுக் கூட்டத்தின் ஒலிப்பதிவு பிற்பாடு எழுத்தாகவே வெளிவந்தது. அயர்லாந்து தலைமை வகிக்கிறது. நாடாளுமன்றம் போட்ட திருத்தங்களில் முக்கால்வாசியைக் கழற்றிய வடிவத்துக்கு ஆள் திரட்டுகிறார்கள், டென்மார்க் தலையாட்டவில்லை. தலைமையிலிருந்து, அப்போ சரிதானே என்று கேள்வி. எங்களுக்குச் சந்தோஷமில்லை என்கிறது டென்மார்க். 80 சதவீதமாவது சந்தோஷமா என்று அடுத்த கேள்வி. பதில் தொண்டையிலேயே நிற்கிறது. முழுச் சந்தோஷம் யாருக்குமே இல்லை, இருந்தால் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்று ஆறுதல். ரொம்பச் சந்தோஷமில்லை, ஆனாலும் இன்றைக்கு ஒரு முடிவு வந்தால் தேவலை என்று டென்மார்க் முனகி முடிப்பதற்குள் நன்றி சொல்லி ஆதரவுக் கணக்கில் ஏற்றியாயிற்று. நம் பக்கம் பெண் சம்மதம் கேட்பதுகூட இதைவிடக் கொஞ்சம் கௌரவமாக நடக்கும். ஜூலையில் நெதர்லாந்து நாடாளுமன்றம் தன் அமைச்சரையே பிடித்து, கொடுத்த ஆதரவைத் திரும்ப வாங்கு என்று தீர்மானம் போட்டது.

இனி அடுத்த கூட்டத்தில் சம்பிரதாயத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். விவாதமில்லாமல் மொத்தமாகத் தலையாட்டி அனுப்புகிற பட்டியல் ஒன்று அங்கே உண்டு. அதை எந்தத் துறை அமைச்சர்கள் கூடினாலும் மேஜையில் வைத்துவிடலாம். கடைத்தேங்காயை எடுத்து எந்த வழிப்பிள்ளையாருக்கும் உடைக்கலாம் என்று சட்டம். உடைத்த இடம், 2004 டிசம்பர் 21 அன்று கூடிய விவசாய, மீன்வள அமைச்சர்கள் கூட்டம். அடுத்த வருஷம் எந்த நாடு எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்கள் நடுவே, ஒரு கண்டம் முழுவதும் எப்படிப் புரோகிராம் எழுதலாம் என்கிற காகிதத்தை நைசாகச் செருகியிருந்தார்கள். வாழ்நாளில் வலையைத் தவிர வேறு எந்த நெட்வொர்க்கையும் பற்றிக் கவலைப்படாத பெருமக்கள். கையைத் தூக்கியிருப்பார்கள், கதை முடிந்திருக்கும்.

போலந்திலிருந்து விமானம் பிடித்து வந்திறங்கினார் வோட்சிமியேஷ் மார்ச்சின்ஸ்கி. போலந்து அரசில் தகவல் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்ட துணை அமைச்சர், மீனுக்கும் அவருக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அந்த ஒரு காகிதத்தை மட்டும் பட்டியலிலிருந்து எடுங்கள் என்றார். எடுக்க வேண்டியதாயிற்று. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டுப் போலந்துக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார்கள். ஒரு நாட்டின் அரசுக்குக் கம்ப்யூட்டர்க்காரர்கள் நன்றி சொல்லி எழுதுவது கல்வெட்டில் பொறிக்க வேண்டிய சம்பவம். அடங்கினார்களா? ஜனவரியில் திரும்பவும் விவசாயக் கூட்டம், திரும்பவும் அதே காகிதம், திரும்பவும் அதே போலந்து.

ஐரோப்பாக்காரனின் மீன் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு நமக்கு அவ்வளவு யோக்கியதை இல்லை. ஐந்தே நாளில், டிசம்பர் 26 அன்று, டெல்லியில் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் பிறந்தது. அன்று காலைதான் சுனாமி. தேதி தற்செயல், ஆனால் நாகப்பட்டினத்தில் ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த நாளில் அரசிதழ் படிக்க யாருக்குத் தோன்றும்? உலக வர்த்தக அமைப்புக்குக் கொடுத்த வாக்குப்படி ஜனவரி 1-க்குள் மருந்துக்குக் காப்புரிமை கொடுக்க வேண்டும், அதனால்தான் அவசரம் என்றார்கள். சரி. மருந்து வண்டியில் மென்பொருள் எப்படி ஏறியது? வெறும் புரோகிராமுக்குக் காப்புரிமை இல்லை என்ற 3(கே) பிரிவில், தொழில்நுட்பப் பயன்பாடு இருந்தாலோ ஹார்டுவேரோடு சேர்ந்திருந்தாலோ கொடுக்கலாம் என்று ஒரு ஓட்டை போட்டிருந்தார்கள். ஹார்டுவேர் இல்லாமல் ஓடுகிற புரோகிராம் ஒன்றை யாராவது காட்டினால் ரமண நகர் முழுவதும் அவருக்குச் சிஷ்யராகிவிடும்.

அப்போது மன்மோகன் சிங் அரசு இடதுசாரிகளின் ஆதரவில் நின்றது. கட்டற்ற மென்பொருள்காரர்களும் மருந்து விலைக்காகப் போராடியவர்களும் இடதுசாரிகளிடம் போனார்கள், இடதுசாரிகள் அரசின் கழுத்தில் துண்டைப் போட்டார்கள்.

பிறகு வந்தது 2005 மார்ச். 7-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் டென்மார்க்கும் போலந்தும் போர்ச்சுகலும் விவாதம் வேண்டும் என்றன. தலைமை வகித்த லக்சம்பர்க், முறை இடம்கொடுக்காது என்று சொல்லி வரைவை நிறைவேற்றியது. மறுநாள் 8-ஆம் தேதி, மியூனிக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு அமர்வில் நம் வேப்பமரம் ஜெயித்தது. வேப்பெண்ணெயால் பயிரில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறை தன்னுடையது என்று டபிள்யூ.ஆர். கிரேஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு வேளாண் துறையும் 1994-இல் அங்கே காப்புரிமை வாங்கியிருந்தன. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண் கூட்டமைப்பின் லிண்டா புல்லார்ட் ஆகிய மூன்று பெண்கள் வழக்காடினார்கள். அபய் பாட்கே என்ற இந்திய ஆலைக்காரர் போய், ஐயா இதை நாங்கள் முன்னாலேயே செய்துகொண்டிருந்தோம் என்று சாட்சி சொன்னார். 2000-இல் ரத்தானது, மேல்முறையீடும் அந்த மார்ச் 8 அன்று தள்ளுபடி. ஆக ஒரே வாரத்தில் ஐரோப்பாவில் வேப்பிலை தப்பித்தது, புரோகிராம் மாட்டிக்கொண்டது. 22-ஆம் தேதி மக்களவையிலும் 23-ஆம் தேதி மாநிலங்களவையிலும் டெல்லியின் சட்டம் நிறைவேறியபோது, 3(கே)யில் போட்ட ஓட்டையை அடைத்திருந்தார்கள்.

ஜூலையில் ஸ்ட்ராஸ்பர்க்கில் கடல் போர், ஆற்றில். நாடாளுமன்றத்தை ஒட்டி ஓடும் ஆற்றில் காப்புரிமைக் கட்சி ஒரு சொகுசுப் படகை வாடகைக்குப் பிடித்து, சட்டத்துக்கு வாக்களியுங்கள் என்று பேனர் கட்டி மிதக்கவிட்டது. எதிர்க்கட்சி துடுப்புப் படகுகளில் துரத்திப்போய், மென்பொருள் காப்புரிமை கண்டுபிடிப்பைக் கொல்லும் என்று தன் பேனரை அதன் பக்கத்திலேயே விரித்தது. புகைப்படக்காரர்களுக்கு எந்தப் படகு பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜூலை 6 அன்று வரைவுக்கு எதிராக 648 வாக்கு. ஆதரவு 14, நடுநிலை 18. வாயாடிகள் மட்டும் தோற்கடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. பிரான்ஸின் முன்னாள் பிரதமர் மிஷெல் ரோக்கார் தயாரித்து வைத்திருந்த திருத்தங்கள் நிறைவேறினால் இருப்பதும் போய்விடும் என்று பயந்த பெரிய கம்பெனிகளே, சட்டமே வேண்டாம் என்று கடைசி நேரத்தில் பக்கம் மாறின. புறம்போக்கு வீடு இடிபடவில்லை, பட்டாவும் கிடைக்கவில்லை. மியூனிக் இன்றும் வாலைப் பிடித்துக்கொண்டு வழங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இங்கேயும் காகிதம் வேறு வாசல் வழியாக வந்தது. 2015 ஆகஸ்டில் காப்புரிமை அலுவலகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டு, நாடாளுமன்றம் அடைத்த ஓட்டையைச் சுரண்டிப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பவே டிசம்பரில் நிறுத்திவைத்தார்கள். 2016 பிப்ரவரியில், புதுமையான ஹார்டுவேர் இருந்தால் மட்டுமே யோசிப்போம் என்று புது வழிகாட்டுதல். 2017 ஜூனில் அந்த நிபந்தனையையும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். 3(கே) சட்டத்தில் அப்படியே இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்கு நடக்கிறது.

பக்கத்து விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் குழு நடத்தும் பிள்ளைகளுக்கும், நம்மூரில் கிரிவலத்துக்கு ரூம் பதிவு செய்ய ஆப் எழுதிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகிறது, தென்னிந்தியாவுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. விண்ணப்பம் வெளியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் யாருக்கும் காப்புரிமை கொடுக்க முடியாது. அந்த இடைவெளியில், இது நாங்கள் முன்னாலேயே செய்துகொண்டிருந்தது என்று யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுப் போடலாம். முன்பெல்லாம் இது இலவசம், 2024 விதித் திருத்தம் இதற்கும் கட்டணம் வைத்துவிட்டது. பரவாயில்லை, கட்டணத்தைக் கட்டிவிட்டே போடுங்கள்.