முகநூலுக்காக ஒரு கருணை மனு

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பிரெஞ்சுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் (க்னில்), பாரிஸ்.

பொருள்: முகநூலுக்கு விதித்த 6 கோடி யூரோ அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

2022 ஜனவரி 6 அன்று தாங்கள் அறிவித்த தண்டனையைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. மனு இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கவும். நடுவில் பல தளங்களில் மறுப்புப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன்.

குற்றம் என்ன? அப்போது பிரான்சில் முகநூலைத் திறந்தவர் குக்கீகளை (நம் விவரங்களைக் குறித்துக்கொள்ளும் சிறு கோப்புகளை) ஏற்க ஒரு கிளிக் போதுமாக இருந்தது. வேண்டாம் என்றவர் பல கிளிக் தாண்டி, இரண்டாவது சன்னலின் அடிவரை இறங்க வேண்டியிருந்தது. அங்கே மறுப்பதற்கென்று ஒரு பொத்தான். அதன் மேல் எழுதியிருந்தது: ‘குக்கீகளை ஏற்கவும்’.

இது ஜனங்களைக் குழப்பும் என்கிறீர்கள். எங்களுக்கு ஒரு குழப்பமும் இல்லை. எங்கள் ஊரில் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார், அபசகுனம். ‘வர்றேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். கல்யாணப் பந்தியில் இலைமேல் இரண்டு கையையும் விரித்து ‘போதும், போதும்’ என்று சொல்லிப் பாருங்கள்; விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி பாயசம் இறங்கும். பரிமாறினவர் மேல் யாராவது வழக்குப் போட்டதுண்டா? (பாயசம் நம் வீட்டு விவரத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை என்பது வேறு விஷயம்.)

அதே நாளில் கூகுளுக்கும் 15 கோடி யூரோ போட்டீர்கள். அதற்கு வேறு யாராவது மனுப் போடட்டும்.

நான் கணக்குக்கு வருகிறேன். முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவின் 2021 வருமானம் சுமார் 11,800 கோடி டாலர். தங்கள் அபராதம் அதில் ஐந்து மணி நேர வசூல். காலையில் கடை திறந்து, மதியம் சாப்பிடப் போவதற்குள் கல்லாவில் விழுந்துவிடும் தொகைதான். இருந்தாலும் போணியாகிற நேரத்தில் ஒரு பிழைப்புக்காரன் வயிற்றில் இப்படி அடிக்கலாமா?

அதோடு விட்டீர்களா? மூன்று மாதத்துக்குள் பொத்தானைச் சரிசெய்யாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 1 லட்சம் யூரோ என்றும் மிரட்டினீர்கள். பேனா எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய அரை நிமிட வருமானம்! ஒரு நாளைக்கு 2,880 அரை நிமிடங்கள். அதில் ஒன்றைத் தாங்கள் பிடுங்கிக்கொண்டால், மீதி 2,879-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் எப்படிக் குடும்பம் நடத்தும்?

ஆகவே கருணை காட்டுங்கள். தள்ளுபடி செய்யச் சட்டம் இடம் கொடுக்காது என்றால், அபராதத்தை மறுப்பதற்கு அவர்களுக்கும் ஒரு பொத்தான் வைத்துக் கொடுங்கள். இரண்டாவது சன்னலில், அடியில். அதன் மேல் ‘அபராதத்தைச் செலுத்தவும்’ என்று எழுதினால் போதும். அவர்களுக்குப் புரியும்.

இப்படிக்கு,
இதுவரை எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றே அமுக்கிவந்த ஒருவன்