நடு ரோட்டுலயே நடங்க, தம்பி!

நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் புதுசா குடி வந்திருக்கிற தம்பிமாருங்களே, காலங்காத்தால நீங்க வாக்கிங் போற அழகைப் பார்த்து என் கண்ணே பட்டுடும் போலருக்குது. நாலு பேரு ஒரே வரிசையில, இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் ரோட்டை அடைச்சிக்கிட்டு, காதுல என்னத்தையோ சொருகிக்கிட்டுப் போறீங்க. பின்னால முதல் ஷிப்டுக்குப் போற ஆளு சைக்கிள் மணியை அடிச்சி அடிச்சி அலுத்துப்போயி, மண்ணுல இறங்கி ஏறிப் போறாரு. போவட்டுமே. சுரங்கம் எங்க ஓடிடப்போவுது? நீங்க நடுவுலயே நடங்க.

"ரோடு என்ன உங்க தாத்தா சொத்தா?"ன்னு எவனாவது கேட்டா கோவப்படாதீங்க. அது எங்க தாத்தா சொத்து. இதெல்லாம் முந்திரிக்கொல்லையும் கம்பங்கொல்லையுமா கெடந்த பூமி. ஜம்புலிங்க முதலியாரு 1930-கள்ல தன் நெலத்துல தண்ணிக்குத் தோண்டினாரு. தண்ணியோட கறுப்பாவும் என்னமோ வந்துச்சி. 1956-ல சுரங்கக் கம்பெனி வந்துச்சி, 1957-ல நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சாரு, 1961-ல பழுப்பு நெலக்கரி கண்ணுல பட்டுச்சி. நாங்க மூட்டையைக் கட்டினோம். உங்களுக்குக் கரண்டு, எங்களுக்கு வேற ஊரு. கொல்லையைக் குடுத்தவன் வூட்டுப் பேரன்ங்கற பாத்தியதையில சொல்றன், நல்லா காலை வீசி நடங்க.

அந்தக் காலத்துல எங்களுக்கு இந்த வசதி ஏது? ஒத்தை வரப்பு. எதிர எதிர ரெண்டு பேரு வந்தா, தலையில சொமை இருக்கிறவனுக்குக் கையை வீசிக்கிட்டு வர்றவன் வழி விடணும். புல்லுக்கட்டோட ஒரு கெழவி வந்தா நாட்டாமையே சேத்துல காலை வெச்சி ஒதுங்குவாரு. படிக்காத சனம், பாவம். அகலமா தார் ரோடு போட்டுக் குடுத்திருந்தா நாங்களும் உங்களாட்டம் நாகரிகமா இருந்திருப்போம்.

ரவுண்டானாவைச் சுத்திப் போறாங்களே சில அப்பாவிங்க, அவங்களை நெனைச்சா எனக்குச் சிரிப்பு வருது. பிள்ளையாரா அது, சுத்துறதுக்கு? வலது கைப் பக்கமா சடக்குன்னு திருப்பினா ஒரு ஸ்பூன் பெட்ரோல் மிச்சம். எதிர்ல வர்றவன் பிரேக்கைப் புடிச்சிக்குவான், அது அவன் கவலை.

பத்தாவது படிக்கிற பையனுக்கு பைக்கு வாங்கிக் குடுத்த அப்பாருங்களைத்தான் நான் ரொம்ப மெச்சுறன். 2019-ல சட்டத்தைத் திருத்திட்டாங்க, தெரியுமில்ல? 18 வயசு ஆவாத புள்ள வண்டியால குத்தம் நடந்தா 25,000 ரூவா அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. பெத்தவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ மூணு வருசம் வரைக்கும் ஜெயிலு. புள்ளைக்காக ஜெயிலுக்குப் போகத் துணிஞ்ச அப்பன் இந்தக் காலத்துல எங்க கெடைக்கிறான்?

நெழலு சங்கதி ஒண்ணு இருக்குது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலு அடிச்சி இங்க எத்தனை மரம் சாஞ்சிதுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். தப்பிச்ச மரமும் அப்புறம் வெச்ச மரமும்தான் இன்னைக்கு நெழலு தருது. அது பூரா காருக்குத்தானே? ஓரம் பூரா காரை ஏத்தி நிறுத்திட்டா, பென்சன் வாங்கற தாத்தா வெயில்ல நடு ரோட்டுல நடப்பாரு. அவரு உடம்புக்கும் வெயிலு நல்லதுதான்.

லிக்னைட் ஹால்ல புத்தகக் கண்காட்சி நடக்கறப்ப வண்டியைக் கேட்டுக்கு நேராவே நிறுத்துங்க. தள்ளி நிறுத்திட்டு நடந்து வர்றதுக்குள்ள புத்தகமெல்லாம் வெளிய ஓடிட்டா என்னா பண்றது? அதோட மொளகா பஜ்ஜியும் ஆறிடும்.

வேலுடையான்பட்டு முருகன் கோயில் பங்குனி உத்திரத்துல மட்டும் எனக்கு ஒரு சந்தேகம், நீங்க படிச்சவங்க, தீர்த்து வைக்கணும். அலகு குத்திக்கிட்டு ஒருத்தரு வர்றாரு. கன்னத்துல இந்தப் பக்கம் குத்தின வேலு அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது. தோள்ல காவடி. தாரு கொதிக்குது, வெறுங்காலு. அந்த ஆளு கழுத்தைத் திருப்ப முடியாது, வாயைத் தொறந்து "எந்தப் பக்கம் ஒதுங்கறது?"ன்னு கேக்கவும் முடியாது. அவருக்குப் பின்னால நீங்க பைக்கைக் கொண்டாந்து விட்டு ஹாரனை அமுக்கறீங்க. அவரு எங்கய்யா போவாரு? மேளக்காரன் நடையை மாத்துறான், கூட வர்ற பொம்பளைங்க பால்குடத்தை ஒரு கையால புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால உங்களுக்கு வழி பண்றாங்க. நீங்க பூந்து போயி, அடுத்த பந்தல்ல வண்டியை நிறுத்தி, மோரு வாங்கிக் குடிச்சி, டம்ளரை நசுக்கி ரோட்டுல போடறீங்க. அஞ்சி நிமிசத்துல அதே ஆளு அதே வெறுங்காலோட அது மேல மிதிச்சிக்கிட்டு வர்றாரு. நசுங்கின பிளாஸ்டிக்கு விளிம்பு என்னமா கிழிக்கும்னு செருப்புக் காலுக்குத் தெரியாது. உங்க வாக்கிங்கு, ரவுண்டானா, பஜ்ஜி எல்லாத்தையும் நான் சிரிச்சிக்கிட்டே பார்த்துட்டன். இதைப் பார்த்து மட்டும் எனக்குச் சிரிப்பு வரலை.

வர்ற பங்குனிக்கு வண்டியை வூட்டுல வெச்சிட்டு நடந்து வாங்க. எங்க பந்தல்ல எவர்சில்வர் டம்ளருதான். மோரு நானே ஊத்தித் தர்றன், டம்ளரைத் திருப்பிக் குடுத்துட்டுப் போவணும்.