புஸ்ஸி வீதியும் மிசௌரி ஆறும்

முத்தியால்பேட்டை வாசகி: பலகையில் லால் பகதூர் சாஸ்திரி வீதி. ஆட்டோக்காரர் முதல் என் மாமியார் வரை எல்லாருக்கும் அது புஸ்ஸி வீதி. யார் அந்தப் புஸ்ஸி?

புதுச்சேரியின் பிரஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் தளபதி. 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவர். ஆனால் அவரை நினைவில் வைக்க வேண்டியது செஞ்சிக்காக அல்ல, அதற்கு அடுத்து அவர் நடந்த நடைக்காக. தக்காணத்தின் ஆட்சி தனக்கே என்று உரிமை கொண்டாடிய முசாபர் ஜங்கை அழைத்துக்கொண்டு, சுமார் 300 பிரஞ்சு வீரர்கள், 2,000 சிப்பாய்களோடு 1751 ஜனவரியில் புதுச்சேரியிலிருந்து கிளம்பினார். ராயசோட்டி, கடப்பை, கர்நூல், ஹைதராபாத், ஔரங்காபாத் என்று போயிற்று வழி. ராயசோட்டிப் பக்கம் நடந்த சண்டையில் முசாபர் ஜங் கொல்லப்பட்டார். புஸ்ஸி படையைத் திருப்பவில்லை. அங்கேயே சலாபத் ஜங்கைப் பதவியில் ஏற்றிவிட்டு மேலே நடந்தார். ஜூன் மாதம் ஔரங்காபாத் போய்ச் சேர்ந்தார்கள். கடற்கரையில் கோட்டை கட்டித் துணி வாங்கிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் படை, 1758 வரை தக்காணத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

அந்தப் படையோடு ஒரு கணக்கும் கூடவே போயிற்று. எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் என்ற கணக்கு. 1780களில் ஜேம்ஸ் ரென்னல் தன் இந்துஸ்தான் வரைபடத்தை வெளியிட்டபோது, தக்காணத்தின் முக்கியமான ஊர்களுக்கு இடம் குறிக்க அவருக்குக் கைகொடுத்தவை புஸ்ஸியின் படைவழிக் குறிப்புகள். வரைபடத்தோடு போட்ட விளக்க நூலில் ரென்னலே அதைச் சொல்லியிருக்கிறார். நடந்தவர் பிரஞ்சுக்காரர், வரைந்தவர் ஆங்கிலேயர். வரைந்தவர் பக்கம்தான் நிலமும் போயிற்று.

காரைக்கால் கல்லூரி மாணவர்: எங்கள் பாடத்தில் அமெரிக்காவின் மேற்கு விரிவாக்கம் வருகிறது. நம் ஊருக்கும் அதற்கும் துளியாவது சம்பந்தம் உண்டா சார்?

துளியா? இரண்டும் ஒரே பேரேட்டில் இருந்தவை, தம்பி! 1719ல் ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர், அப்போது பிரான்சின் நிதியையே கையில் வைத்திருந்தவர், லூசியானாவை நிர்வகித்த மேற்குக் கம்பெனியையும் புதுச்சேரியை வைத்திருந்த கிழக்கிந்தியக் கம்பெனியையும் ஒன்றாக்கினார். 1731ல் லூசியானா மன்னர் கைக்குத் திரும்பும் வரை நியூ ஆர்லியன்ஸுக்கும் நமக்கும் ஒரே முதலாளி.

இங்கே லூசியானா என்பது இன்றைய சின்ன மாநிலம் அல்ல. 1682ல் லா சால் என்பவர் மிசிசிப்பி ஆற்றோடு படகில் இறங்கிக் கடல்வாயில் நின்றுகொண்டு, இந்த ஆற்றுக்குத் தண்ணீர் வரும் நிலம் அத்தனையும் 14ஆம் லூயி மன்னருடையது என்று அறிவித்துவிட்டார். அவருக்கு 8 வருஷம் முன்னால், 1674ல், பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றினார். மார்த்தேனுக்கு வலிகண்டபுரத்து ஷேர்கான் லோடியின் அனுமதி தேவைப்பட்டது. லா சால் அங்கே வாழ்ந்த மக்களில் ஒருவரையும் கேட்கவில்லை. பரீட்சையில் வராது, ஆனாலும் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிப் பாடம் தானே புரியும்.

வில்லியனூர் வாசகர்: அமெரிக்கக் கண்டத்தைத் தரைவழியே முதலில் கடந்தவர்கள் லூயிஸும் கிளார்க்கும்தானே?

இல்லை. 1793லேயே அலெக்ஸாண்டர் மெக்கன்சி கனடா வழியாகப் பசிபிக் கரையைத் தொட்டுவிட்டார். 1801ல் வந்த அவருடைய புத்தகத்தைப் படித்த பிறகுதான் லூயிஸையும் கிளார்க்கையும் அனுப்பும் அவசரம் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனுக்குப் பிறந்தது. இவர்கள் எல்லாருக்கும் முன்னால், அந்த மலைகளைத் தாண்டிப் பல தலைமுறையாகக் குதிரையும் மீனும் பண்டமாற்றுச் செய்துகொண்டிருந்த மக்கள் இருந்தார்கள்.

லாஸ்பேட்டை ஆசிரியை: இரண்டு பேர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள், சரி. அதனால் எப்படி லட்சக்கணக்கான குடும்பங்கள் மேற்கே போயின? நடுவில் ஏதோ விட்டுப்போகிறதே?

பாடப்புத்தகம் தாண்டிக் குதிக்கிற இடத்தைச் சரியாகப் பிடித்தீர்கள், டீச்சர். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

லூயிஸும் கிளார்க்கும் 1804 மே மாதம் மிசௌரி ஆற்றை எதிர்த்துப் படகில் ஏறினார்கள். 1805 நவம்பரில் பசிபிக்கைப் பார்த்தார்கள், 1806 செப்டம்பர் 23 அன்று செயின்ட் லூயி நகரத்துக்குத் திரும்பினார்கள். தேடிப்போனது படகிலேயே கடல் வரை போகும் வழி. அப்படி ஒரு வழி கிடையாது என்பதுதான் கிடைத்த பதில். அவர்கள் மலை கடந்த தடத்தில் குடியேறியவர்களின் வண்டி போகவே முடியாது. ஆக, அவர்கள் வழியில் நாடு விரிந்தது என்று சொல்வது தப்பு.

அவர்கள் கொண்டுவந்த சேதிதான் வேலை செய்தது. மலையாறுகளில் நீர்நாய் மாதிரியான பீவர் ஏராளம் என்றார்கள். ஐரோப்பாவில் தொப்பி செய்ய பீவர் ரோமத்துக்கு அவ்வளவு கிராக்கி. குழுவில் இருந்த ஜான் கோல்ட்டர் ஊர் திரும்பும் வரைகூடக் காத்திருக்கவில்லை. பாதி வழியிலேயே விடைபெற்று வேட்டைக்காரர்களோடு மறுபடி மேற்கே போய்விட்டார். இப்படிப் போன தோல் வியாபாரிகள் கையில்தான் உண்மையான வழி அகப்பட்டது. 1812ல் ராபர்ட் ஸ்டூவர்ட் கிழக்கே திரும்பும்போது, மலைத்தொடரில் சவுத் பாஸ் என்ற அகலமான தாழ்ந்த கணவாய் வழியே வந்தார். 1824ல் ஜெடிடையா ஸ்மித் குழு அதை மறுபடி கண்டுபிடித்தது. 7,400 அடி உயரம், ஆனாலும் ஏற்றம் தெரியாத ஏற்றம். மாட்டுவண்டி போகும்.

அடுத்தது அச்சுக்கூடம். 1842 முதல் ஜான் ஃப்ரீமான்ட் அரசுச் செலவில் அந்த வழியை அளந்தார். அறிக்கையைச் சுவையாக எழுத உதவியவர் அவர் மனைவி ஜெஸ்ஸி. கூடப் போன சார்லஸ் ப்ராய்ஸ் 1846ல் ஓரிகன் பாதையை 7 துண்டுப் படமாகப் போட்டார். ஒவ்வொரு துண்டிலும் புல், தண்ணீர், விறகு பற்றிய குறிப்புகள் உண்டு. பிள்ளைகுட்டிகளோடு கிளம்பும் ஒரு குடியானவருக்கு வேறென்ன தெரிய வேண்டும்? செனட் சபையே அச்சிடச் சொல்லி வெளிவந்த படம் அது. அடுத்த இருபது வருஷத்துக்குள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தத் தடங்களில் மேற்கே போனார்கள். 1853ல் ரயில் பாதைக்கு அளவை எடுத்தார்கள், 1869 மே 10 அன்று இரு பக்கத்துத் தண்டவாளங்களும் சேர்ந்தன. நடந்தவரைவிட, நடந்ததை மலிவாக அச்சடித்து ஊரெங்கும் கொடுத்தவரே நாட்டை விரித்தார் என்பது என் முடிவு.

அரியாங்குப்பம் வாசகி: சக்காஜவேயா என்ற பெண்தான் லூயிஸ், கிளார்க் குழுவுக்கு வழிகாட்டி என்று படித்தேன். புஸ்ஸிக்கு அப்படி யார் இருந்தார்கள்?

முதலில் அந்தப் பெண். ஷோஷோனி இனம். சிறுவயதில் எதிரிகளால் பிடித்துச் செல்லப்பட்டவர். கைக்குழந்தையோடு பயணம் வந்தார். 1805 ஆகஸ்டில் மலையடிவாரத்தில் குதிரை கேட்டுப் பேச உட்கார்ந்தபோது, எதிரே இருந்த தலைவர் கமேயாவெய்ட் தன் சொந்த அண்ணன் என்று அடையாளம் கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். குதிரை கிடைத்தது. குதிரை இல்லாவிட்டால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும்.

மலை தாண்டிப் பசியில் சாகக் கிடந்த குழுவுக்கு சால்மன் மீனும் காமஸ் கிழங்கும் கொடுத்துக் காப்பாற்றியவர்கள் நெஸ் பெர்ஸே மக்கள். குழு விட்டுப்போன குதிரைகளைப் பராமரித்து, அடுத்த வருஷம் திருப்பியும் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த கைம்மாறு? 1860ல் அவர்கள் நிலத்தில் தங்கம் கண்டார்கள். 1863 ஒப்பந்தத்தில் நிலத்தின் பெரும்பகுதியைப் பிடுங்கினார்கள். 1877ல் ராணுவம் துரத்த, ஜோசஃப் தலைவரும் அவர் மக்களும் ஆயிரம் மைலுக்கு மேல் ஓடி, கனடா எல்லைக்குச் சுமார் 40 மைல் இருக்கையில் சரணடைந்தார்கள். சோறு போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

நம் பக்கம் வழி தெரிந்தவர்கள் ஒருவரல்ல, ஒரு கூட்டம். சேதி கொண்டு ஓடிய அர்க்காராக்கள், படைக்குத் தானியம் சுமந்த மாடுகளை ஓட்டிய லம்பாடிகள், பேச்சுக்கு துபாஷிகள். துய்ப்ளெக்ஸின் தலைமைத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், உள்நாட்டிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களும் சேதிகளும் நிறைய. கொண்டுவந்த கால்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. ரென்னலின் படத்திலும் இல்லை.

உப்பளம் வாசகர்: வரைபடம் போட்டவர்கள் நேரில் வந்து பார்த்துத்தான் போட்டார்களா?

தான்வில் என்ற மேதை பாரிஸை விட்டு அதிகம் நகராதவர். 1752ல் அவருடைய இரண்டு படங்கள் வெளிவந்தன: ஒன்று லூசியானா, இன்னொன்று கம்பெனிக்காகப் போட்ட இந்தியா. பயணிகள் எழுதியதை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தே வரைந்தார். தகவல் இல்லாத இடத்தை வெள்ளையாக விட்டார். மற்றவர்கள் அங்கே யானையும் மலையும் போட்டு நிரப்பிக்கொண்டிருந்த காலம் அது.

நெல்லித்தோப்பு வாசகர்: நெப்போலியன் லூசியானாவை ஏன் விற்றார்? புதுச்சேரியையும் விற்றிருப்பாரா?

ஹைத்தியில் அடிமைகள் எழுந்து அவருடைய படையை ஒழித்துக்கட்டிவிட்டார்கள், இங்கிலாந்தோடு போர் வாசலில் நின்றது, கைக்குப் பணம் வேண்டும். 1803 ஏப்ரல் 30, அமெரிக்காவுக்கு ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றார். ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர்.

புதுச்சேரி அப்போது விற்கிற நிலையிலேயே இல்லை. இங்கிலாந்தோடு செய்திருந்த ஆமியான் சமாதானப்படி ஊரைத் திரும்பப் பெற ஜெனரல் தெக்கேனைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். 1803 ஜூலையில் தெக்கேன் நம் கடலுக்கு வந்தபோது ஆங்கிலேயர் ஊரைக் கொடுக்க மறுத்தார்கள். அவர் மொரீஷியஸுக்குப் போய்விட்டார். ஊர் பிரஞ்சுக்காரர் கைக்கு வர 1816 ஆயிற்று.

அங்கே, அதுவரை ஸ்பானிய அதிகாரிகள் கையிலிருந்த செயின்ட் லூயி நகரத்தில் 1804 மார்ச் 9 அன்று ஸ்பானியக் கொடி இறங்கி பிரஞ்சுக் கொடி ஏறியது. மறுநாளே அதுவும் இறங்கி அமெரிக்கக் கொடி. சாட்சியாக நின்றவர்களில் மெரிவெதர் லூயிஸும் ஒருவர். 2 மாதத்தில் பயணம் தொடங்கியது.

ஏனாம் வாசகர்: எங்கள் ஊர் கோதாவரிக் கரையில். புஸ்ஸி பிடித்துக் கொடுத்ததுதானா?

இல்லை, அவருக்கு முன்பே அங்கே பிரஞ்சுப் பண்டகசாலை இருந்தது. 1753ல் புஸ்ஸி நிஜாம் சலாபத் ஜங்கிடம் வாங்கியது உங்களைச் சுற்றியுள்ள வட சர்க்கார் மாவட்டங்கள், படையின் சம்பளத்துக்காக. 1759ல் மசூலிப்பட்டினம் விழுந்ததோடு அவை போயின. ஏனாம் நின்றது.

தட்டாஞ்சாவடி வாசகர்: பிரஞ்சுக்காரர்கள் இங்கே ஏன் அமெரிக்கர் போலக் குடியேறவில்லை?

அங்கே நிலத்தை அளந்தது விற்பதற்கு. 1785 சட்டப்படி 6 மைல் சதுரமாக வெட்டி, 36 துண்டாக்கி, துண்டுக்கு 640 ஏக்கர் என்று ஏலம் போட்டார்கள். 1862ல் குடியேறி உழுபவருக்கு 160 ஏக்கர் சும்மாவே கொடுத்தார்கள். அங்கிருந்த மக்களை நோய், ராணுவம், மீறப்பட்ட ஒப்பந்தங்கள் மூன்றும் சேர்ந்து அப்புறப்படுத்தின. இங்கே ஏரிப் பாசனமும் கோயில் மானியமும் ஊர்க்கணக்கும் வேரோடிய நிலம். வந்தவர்கள் அளந்தது வரி வாங்க. அதிலும் பாரிஸிலிருந்த கம்பெனிக்காரர்களுக்கு லாபம் வேண்டும், போர்ச்செலவு வேண்டாம். 1754ல் துய்ப்ளெக்ஸைத் திரும்ப அழைத்தார்கள், 1758ல் புதிய பிரஞ்சுத் தளபதி லாலி புஸ்ஸியைக் கூப்பிட்டுக்கொண்டார், 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்தது.

கோரிமேடு வாசகி: படை இல்லாமல், சும்மா அறிவுக்காக நடந்த பிரஞ்சுக்காரர் ஒருவர்கூட இல்லையா?

உண்டு, அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆங்க்கெத்தில் துப்பெரோன். 1757ல் சந்தர்நாகூர் ஆங்கிலேயர் கையில் விழுந்ததும் வங்காளத்திலிருந்து ஒரிசாக் கரையோடு தரைவழியே புதுச்சேரி வந்து சேர்ந்தார். பிறகு மாஹேயிலிருந்து மறுபடி தரைவழியே சூரத். அங்கே பார்சி குருமாரிடம் கற்று, 1771ல் அவெஸ்தாவை பிரஞ்சில் கொண்டுவந்தார்.

பாகூர் வாசகர்: அமெரிக்காவையும் நம் மண்ணையும் இரண்டையும் அளந்த மனிதர் யாராவது?

வில்லியம் லாம்ப்டன். 1781ல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சிறைப்பட்ட ஆங்கிலப் படை அதிகாரி. பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் குடியேறிகளுக்கு நிலம் அளந்தார். இந்தியாவுக்கு வந்து, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். சங்கிலியை 400 முறை நீட்ட வேண்டியிருந்தது. அடுத்து தெற்கே உங்கள் பக்கம்தான் வந்தார். பூமியின் வளைவைக் கணக்கிட அவர் எடுத்த முதல் அளவின் தென்முனை, கடலூரை அடுத்த திருவந்திபுரம். அங்கே தங்கி நட்சத்திரங்களைக் குறித்தார்.

அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட் கருவி வரும் வழியில் கப்பலோடு பிரஞ்சுக்காரரிடம் சிக்கி மொரீஷியஸ் போயிற்று. என்ன கருவி என்று தெரிந்ததும் பாராட்டுக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார்கள். 1808ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, சுவரில் மோதிக் கருவியின் வட்டம் நெளிந்துவிட்டது. லாம்ப்டன் கூடாரத்தைச் சாத்திக்கொண்டு ஆறு வாரம் தன் கையாலேயே அதை நிமிர்த்தினார். 1823ல் ஹிங்கன்காட்டில் அவர் இறக்கும் வரை வேலை நிற்கவில்லை. பிறகு அதை ஏற்று இமயத்தை நோக்கிக் கொண்டுபோனவர் ஜார்ஜ் எவரெஸ்ட்.