அவன்ட வேலை

புத்தளத்திலிருந்து கல்பிட்டிப் பக்கம் போகும் வழியில் பாலாவியிலோ கரம்பையிலோ நுரைச்சோலையிலோ ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்தினால் போதும், செய்தி நானாவைக் கண்டுவிடலாம். ஊருக்கு ஒருவர் நிச்சயம். கொஞ்சம் பெரிய ஊர் என்றால் அஸருக்குப் பின் ஒருவர், மஃரிபுக்குப் பின் ஒருவர்.

அறுபதை ஒட்டிய வயது. நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. சட்டைப் பையில் போன், அதுவும் திரை வெளியே தெரிகிற மாதிரி. "விஷயம் தெரியுமா?" என்றுதான் தொடங்குவார். தெரியாது என்றால் முகம் மலரும். தெரியும் என்று சொல்லிப் பாருங்கள்: "உனக்குத் தெரிஞ்சது பேப்பர்ல வந்தது."

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து, இலங்கை முழுவதும் இருண்டது. சொன்னவர் மின்சக்தி அமைச்சர். எங்கள் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும், மொத்தம் 900 மெகாவாட், நின்றுபோயின. அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டு. உலகமே சிரித்தது. நானா சிரிக்கவில்லை.

"குரங்காம்! சும்மா குரங்கு கம்பியத் தொட்டா ஒரு ஊர் இருட்டாகும். நாடே இருட்டாகணும்டா பயிற்சி எடுத்த குரங்கு வேணும்."

"யார் நானா பயிற்சி குடுத்தது?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் அவ்வளவு நேரம் காத்திருந்தார். வாசலைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், குரலை இறக்கினார்: "யூதன்."

அதே ஆண்டு காலந்தவறிப் பெய்த மழையில் உப்பு விளைச்சல் படுத்துவிட்டது. உப்பளத்து ஊர்க்காரர்களான நாங்கள் இந்தியாவிலிருந்து வந்த உப்புக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினோம். அதற்கும் நானாவிடம் விளக்கம் இருந்தது. மேகத்துக்கு மருந்தடித்து மழை பெய்விக்கிறானாம். அத்தனை பெரிய இந்து சமுத்திரத்தை விட்டுவிட்டு, எங்கள் பாத்திகளைக் குறிபார்த்து.

சிரிக்காதீர்கள். நானாவுக்குப் பெரிய இடங்களிலும் சொந்தக்காரர்கள் உண்டு. 2010 இல் செங்கடலில் சுறாக்கள் உல்லாசப் பயணிகளைக் கடித்தபோது, மொசாட் அனுப்பியிருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை என்றவர் எகிப்தின் ஓர் ஆளுநர். அடுத்த ஆண்டே சவூதியில் ஒரு கழுகு பிடிபட்டது. காலில் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் பட்டி இருந்ததால் உளவாளிப் பட்டம் கிடைத்தது. பறவை ஆராய்ச்சிக்காகக் கட்டியதாம். 2015 இல் காஸா கடலில் டொல்பின் ஒன்றை உளவாளியென்று பிடித்துவிட்டதாக ஹமாஸ் சொன்னது. இதை மட்டும் நான் நானாவிடம் சொல்லவேயில்லை. நவம்பர் பிறந்தால் கல்பிட்டிக் கடலில் டொல்பின்கள் கூட்டங்கூட்டமாகத் துள்ளும். படகுக்காரர்களின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

சரித்திரம் சொன்னாலும் ஆபத்துத்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அல்-இத்ரீசி என்ற அரபுப் புவியியலாளர் எங்கள் தீவைப் பற்றி எழுதியிருக்கிறார்: அரசனுக்குப் பதினாறு ஆலோசகர்கள், அதில் நாலு பேர் யூதர், நாலு பேர் முஸ்லிம்கள் என்று. நல்லிணக்கத்துக்கு உதவும் என்று நினைத்து எடுத்துவிட்டேன். நானா தொடையில் அடித்தார். "பாத்தியா! அப்பவே உள்ளுக்கு வந்துட்டானுகள்!" மற்ற நாலு பேரும் நம்மட ஆக்கள்தானே என்றேன். "அவங்க கண்காணிக்கப் போனது."

சிலாபத்தில் எங்களுக்குத் தெரிந்த கத்தோலிக்க அக்கா ஒருவர் சில காலம் இஸ்ரேலில் ஒரு கிழவியைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். புத்தளம் வந்த இடத்தில் நானாவின் கையில் அகப்பட்டுக்கொண்டார். வாழ்நாளில் ஒரு யூதரையும் நேரில் காணாத மனிதருக்கு, கண்டவர் கிடைத்தால் விடுவாரா?

"சொல்லுங்க தங்கச்சி, அவனுகள் என்ன சாப்பிடுறது?"

பன்றி கிடையாது என்றார் அக்கா. நானா தலையாட்டினார். இறைவன் பெயர் சொல்லித்தான் அறுப்பார்கள். ஆண்பிள்ளைக்கு எட்டாம் நாள் சுன்னத்து. நானாவின் தலையாட்டல் மெதுவாகியது. பால் சட்டி வேறு, இறைச்சிச் சட்டி வேறு. சனிக்கிழமை விளக்குச் சுவிட்சைக்கூடக் கிழவி தொடாது. மீன் என்றால் செதிலும் செட்டையும் இருக்க வேண்டும். நண்டு, கணவாய், இறால் ஒன்றும் ஆகாது.

"நண்டு நாங்களும் தின்றதில்ல. இறாலுமா?"

"இறாலும்தான் நானா."

இறால் பண்ணைகளுக்கு நடுவே வாழ்கிற மனிதருக்கு இது பெரிய அடி. "உலகத்த ஆளுறவன் இறால் தின்ன மாட்டானா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு முக்கியமான இடத்துக்கு வந்தார்: "ராவுல அந்தக் கிழவி யாரோட போன் பேசும்?"

"பேச ஆளில்லாமத்தான் விடிய விடிய என்னோட பேசும். ரெண்டு மகன்மார். கோல் எடுக்கிறதேயில்ல."

நானாவின் மகன் கத்தாரில். அவர் மெல்லச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். மூன்று நாளாக நீல டிக் விழவில்லை.

யூதர்களிடமே ஒரு பழைய பகிடி உண்டு. ஹிட்லர் காலத்து பெர்லினில் ஒரு யூதர் நாஜிப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தாராம். கூட்டாளி பதறிப்போய்க் கேட்க, அவர் சொன்னாராம்: "நம்முடைய பேப்பரைத் திறந்தால் அடி, உதை, நாடுகடத்தல். இதைத் திறந்தால் வங்கியெல்லாம் நம்முடையது, உலகமே நம் கையில். மனசுக்கு எவ்வளவு ஆறுதல்!" உலகம் முழுவதும் யூதர்களைச் சேர்த்தாலும் ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல்தான். இந்தத் தீவில் நாங்கள் இரண்டு கோடிக்கு மேல் இருந்தும் உப்புக்கு வழி செய்ய முடியவில்லை.

காஸாவின் பிள்ளைகளுக்காக அழுது துஆ கேட்கிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த வேதனைக்குக் காரணமும் உண்டு, ஆதாரமும் உண்டு. ஓர் அரசின் குண்டைக் கண்டிக்கக் குரங்கின் துணை வேண்டியதில்லை.

நானாவிடம் எனக்கிருக்கும் உண்மையான வழக்கு வேறு. 2018 இல் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் கருத்தடை மாத்திரை என்று கதை கட்டிக் கடைகளையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். ஆய்வில் அது வெறும் மாவுக்கட்டி. 2019 இல் குருநாகல் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான தாய்மாருக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்றார்கள். ஆதாரம் ஒன்றும் தேறவில்லை. அதே ஆண்டு மே மாதம் சிலாபத்தில் முகநூலில் போட்ட ஒரு வரியைப் பிழையாக வாசித்துக் கலவரம் மூண்டது. எங்கள் மாவட்டத்திலேயே, நாத்தாண்டியாப் பக்கம், ஓர் உயிர் போனது. அந்த நாட்களில் நானாவைப் பார்த்திருக்க வேண்டும். யார் கண்டது, எந்த ஆய்வுகூடம், அப்படி ஒரு மாத்திரை உலகத்தில் இருக்கிறதா, நாலாயிரம் பேருக்குத் தெரியாமல் ஒரு மனுசனால் செய்ய முடியுமா? சட்டத்தரணி தோற்றுப்போவார். கேள்வி ஒவ்வொன்றும் தங்கம்.

அந்தக் கேள்விகளையே குரங்கு விஷயத்திலும் கேட்டால் என்ன நானா என்றேன் ஒரு நாள். நெடுநேரம் யோசித்தார்.

"அந்த மாத்திரைக் கதையக் கிளப்பினது யார்ண்டு நினைக்கிற? அதுவும் அவன்ட வேலைதான்."

சொல்லிவிட்டு அதை அங்கேயே வாட்ஸ்அப்பில் ஏற்றி ஏழெட்டுக் குழுக்களுக்கு அனுப்பினார். வாட்ஸ்அப்பை 2009 இல் தொடங்கிய இருவரில் ஒருவர் உக்ரேனில் பிறந்த யூதர். இதை நானாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் வந்தால் நானாவுக்கு ஒரு பிளேன்டி வாங்கிக் கொடுங்கள், கதை கேளுங்கள், மனிதர் தங்கமானவர். போன் நம்பரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.