தோன்றா எழுவாய்: கொங்கு முழங்கால் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுக்களம்: கோயம்புத்தூர், மாடிப்படி உள்ள வீடு. ஆய்வுப்பொருள்: ஆய்வாளரின் இடது முழங்கால், வயது 48. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த வலது முழங்கால் ஆறு மாதம் முன்பு கட்சி மாறிவிட்டது.

2. சொல்லாராய்ச்சி: முழம் + கால் என்பார் ஒரு சாரார். முழங்கு + கால் என்பதே நம் துணிபு. படியிறங்கும்போது வீடு முழுக்க முழங்குகிறது. மறுப்போர் தம் முழங்காலை மடக்கிக் காட்டுக. இதைவிட மெலிந்த ஆதாரத்தில் ஊர்ப்பெயர் ஆராய்ச்சி நூல்கள் தலையணை கனத்தில் வந்திருக்கின்றன.

3. முன்னாய்வுகள்: மூட்டுத் தேய்மானத்தை எக்ஸ்ரேயில் பார்த்து 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை கெல்கிரெனும் லாரன்ஸும் 1957இல் வெளியிட்டார்கள். நம்முடையது 2. ஆனால் படமும் வலியும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயமில்லை. படத்தில் மோசமானவர் ரேஸ்கோர்ஸில் நாலு சுற்றுப் போக, நாம் டவுன் பஸ் படிக்கட்டிலேயே நின்றுவிடலாம். தேய்கிற குருத்தெலும்புக்கு நரம்பே கிடையாது. வலி, அடியிலுள்ள எலும்புக்கும் சுற்றியுள்ள சவ்வுக்கும்தான். இழவு வீட்டில் உரியவர் சும்மா படுத்திருக்க, சுற்றியிருப்பவர்கள் அழுவதில்லையா?

4. எழுதலின் இலக்கணம்: இதுவே ஆய்வின் உயிர்நாடி. பந்தியில் தரையில் உட்கார்ந்தவர் எழும் முறையால் எழுவாய் மூவகைப்படும்.

அ. வெளிப்படை எழுவாய்: கையூன்றாமல் எழுபவர். இளவட்டம்.

ஆ. ஊன்றெழுவாய்: ஒரு கை தரையில், மறு கை பக்கத்து இலைக்காரர் தோளில். அவரும் ஊன்றெழுவாய் எனில் இருவரும் ரசத்தில்.

இ. தோன்றா எழுவாய்: "சரி, கிளம்பலாமுங்க" என்று அறிவித்து, வேட்டியைச் சரிசெய்து, "மருதமலை முருகா!" என்று விளித்து, அங்கேயே இருப்பவர். இங்கே எட்டாம் வேற்றுமையாகிய விளி முன்னால் வந்தும், முதல் வேற்றுமையாகிய எழுவாய் பின்னாலும் வரவில்லை. இலக்கண நூலோர் வரிசையை மறுபரிசீலிக்க (பெரியம்மா, திண்ணை வாய்மொழி, மழைநாள் பதிப்பு, மேலது, பால்காரர் வந்தபின் திருத்திய பதிப்பு, கோலத்துக்கு இடப்புறம், மூன்றாம் புள்ளி). இவ்வகையார்க்குப் பயனிலை என்பது பயன் இலை எனப் பிரிந்து பொருள் தரும்.

5. சிகிச்சை: கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பு எனப் பெரியம்மா (மேலது, அடுப்படி அனுபந்தம்). பெயரில் கால் இருந்தாலும் அது பெரணிக் கிழங்கு. ரோமம் போர்த்த ஆட்டுக்காலேதான் என்று சைவர்களே சற்றுத் தயங்குவர். சூப்பு குடித்த அன்று பெரியம்மாவுக்கு வலி குறைந்தது, நமக்கல்ல.

உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்கால்மேல் சுமார் நாலு கிலோ பாரம் குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடித்துத் தொடைத் தசையை வலுவாக்கினால் வலி தணியும். இவை தலா ஒரு வரியில் முடிந்துவிடுவதால் ஆய்வுக்கு உகந்தவையல்ல.

6. முடிவுரை: மேற்கண்ட பயிற்சியை ஆய்வாளர் இன்னும் தொடங்கவில்லை, கட்டுரை எழுதுவதில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தபடியே போய்விட்டது.

"ஏனுங்க, காபி ஆறுதுங்க. எந்திரிச்சு வாங்க."

"வர்றேன் அம்மிணி" என்றேன்.

எழுவாய் தோன்றவில்லை.