ரத்தத்தில் ஓடும் கிரீஸ்

எங்கள் வீட்டு வாசலில் ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்று பல வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்த வாக்கியத்தில் 'நிற்கிறது' என்பது மட்டும்தான் முழு உண்மை.

மற்றதெல்லாம் அரைகுறை. அது ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகிற குடும்பக் கார். பிரிட்டிஷ் என்பதும் பாதிதான். சென்னையை அடுத்த பெருங்களத்தூர் ஆலையில் பூட்டியது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1965 மாடல், இரண்டு கதவு, 948 சிசி. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டு வண்டிக்கொட்டகையில் கோழிகள் அடைந்துகொண்டிருந்ததைப் பேரம் பேசி வாங்கினேன். கோழிகளுக்கு நஷ்ட ஈடு தரவில்லை என்று என் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

அவளிடம் அப்போது நான் வைத்த வாதம் இது. இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தில் வந்தது. 1961இல் சென்னையில் அதையே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்ய ஆரம்பித்தார்கள். அதே ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, மேலே வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி ஓர் உடம்பை வைத்து, 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்று விட்டார்கள். அசல் ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம் வண்டி ஸ்பிட்ஃபயருக்கு அக்கா முறை.

அவள் யோசிக்கவே இல்லை. "தங்கச்சியக் காட்டி அக்காவக் கட்டிவைக்கிறதக் கேள்விப்பட்டிருக்கேன். மாப்பிள்ளையே தன்னை ஏமாத்திக்கிட்டு வந்து நிக்கிறத இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

நான் பின்வாங்கவில்லை. காரணம், நான் மதுரைக்காரன். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் டிவிஎஸ்ஸைத் தொடங்கிய ஊர். பஸ் என்பதே அதிசயமாக இருந்த காலத்தில் இங்கிருந்து பஸ் ஓட்டிக் காட்டிய ஊர். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு ரத்தத்திலேயே கிரீஸ் ஓடும் என்று நம்பினேன். பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தக் கிரீஸ்தான் காரணம் என்று அப்போது யார் கண்டது?

முதல் தோல்வி ஒரு ஸ்பானரில். ஹெரால்டின் பானெட்டை அவிழ்த்துத் தூக்கினால் இரண்டு மட்காடும் சேர்ந்து முன்பாதி வண்டியே முதலை வாயைப் பிளந்த மாதிரி திறந்துகொள்ளும். முன் டயர் மேலேயே குந்தி இன்ஜினில் வேலை பார்க்கலாம். இந்த வசதி என்னைப் போன்ற ஆட்களுக்கு வைத்த பொறி. புதுசாக வாங்கிய ஸ்பானர் செட்டில் 13ஆம் நம்பரை எடுத்துப் போட்டேன், போல்ட்டில் உட்கார்ந்தது. கொஞ்சம் ஆட்டம் இருந்தது. பழைய வண்டி, ஆட்டம் இருக்கத்தானே செய்யும் என்று அழுத்தித் திருகினேன். ஆறு முனை இருந்த தலை எலந்தப்பழம் மாதிரி உருண்டையானது. அடுத்ததற்குப் போனேன். மதியச் சாப்பாட்டுக்குள் நாலு எலந்தப்பழம்.

பக்கத்துத் தெருவில் பட்டறை வைத்திருக்கும் பாயைக் கூப்பிட்டேன். எழுபது வயது; அந்தக் காலத்தில் ஹெரால்டு வண்டிகளைப் பழுது பார்த்தவர். வந்தார், பார்த்தார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்.

"தம்பி, இது இஞ்சு வண்டின்னு தெரியுமா?"

"தெரியும் பாய்."

தெரியாது. அரை இஞ்சு என்றால் 12.7 மில்லி. 13ஆம் நம்பர் அதில் போகும், ஆனால் பிடிக்காது. 0.3 மில்லி இடைவெளியில்தான் நாலு போல்ட்டின் தலையும் என் ஞாயிற்றுக்கிழமையும் போயின. போல்ட்டைவிட எனக்கு உறைத்தது வேறு. தெரியாத ஒன்றைக் கேட்டால் "தெரியும்" என்று என் வாய் தானாகவே சொல்லிவிடுகிறது.

இரண்டாவது, பாட்டு. அழகர்கோவில் ரோட்டில் இளையராஜாவைப் போட்டுக்கொண்டு போகாத காரெல்லாம் ஒரு காரா என்று புது ஸ்டீரியோ வாங்கி நானே பொருத்தினேன். என் வண்டி பாசிட்டிவ் எர்த். இன்றைக்கு எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸ் முனை பாடியில் இருக்கும். அந்தக் கால வண்டியில் பிளஸ் முனை பாடியில். ஸ்டீரியோவின் இரும்புக் கூடு பாடியைத் தொட்டதும் முதல் பாட்டின் முன்னிசைகூட வரவில்லை. ஒரு பொறி, ஒரு வாடை. கத்தரி வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தார் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். "எர்த்து மாத்தம்னு தெரியும்ல?" என்றார் பாய். என்ன சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை.

மூன்றாவதில்தான் கொஞ்சம் பணம் போனது. இங்கிலாந்தில் ஹெரால்டு கூப்பே என்று ஒன்று உண்டு. இன்ஜின் அதேதான், ஆனால் கார்ப்பரேட்டர் இரண்டு, எஸ்.யு. கம்பெனி. அதனால் சாதா ஹெரால்டைவிடச் சுமார் 10 குதிரைசக்தி கூடுதல். அந்த ஜோடி பழசாக அங்கே கிடைத்தது. என்ன விலை என்று மனைவி கேட்டபோது "இத்தனை பவுண்டு" என்றேன். அவள் காதில் "பவுன்" என்று விழுந்துவிட்டது. தாலியைக் கையால் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போனவளை, அது ஆங்கிலேயர் காசு என்று சொல்லித் திரும்ப அழைத்துவர அரைமணி நேரம் ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் பயந்ததும் அப்படியொன்றும் தப்பில்லை.

இரட்டைக் கார்ப்பரேட்டர் என்பது இரட்டை நாகஸ்வரம் மாதிரி. தில்லானா மோகனாம்பாள் படத்துக்கு வாசித்தவர்கள் எங்கள் ஊர் சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். இரண்டு குழல், ஒரே மூச்சு என்று கேட்பவர்கள் சொல்வார்கள். கார்ப்பரேட்டரும் அப்படி ஒரே மூச்சு இழுக்க வேண்டும். அதற்கு ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறு முனையைக் கார்ப்பரேட்டர் வாயிலும் வைத்து, 'ஸ்ஸ்ஸ்' சத்தம் இரண்டிலும் சமமாக வருகிறதா என்று கேட்டு ஸ்குரூவைத் திருக வேண்டும். மூன்று மாதம் காதில் குழாயோடு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டுப் பொடியன் "அங்கிள், காருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனான். என் ஜோடியில் ஒன்று கல்யாணி வாசித்தால் மற்றது முகாரி. சிக்னலில் நின்றால் இன்ஜின் அணையும். அணையாவிட்டால் பின்னால் வெடிக்கும். கோரிப்பாளையத்தில் ஒரு நாள் வெடித்த வெடியில் பக்கத்து ஷேர் ஆட்டோவில் இருந்த பாட்டி தன் பையை என் மேல் எறிந்தாள்.

இதற்கிடையில் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்தார்கள். அறுபது வருடத்துக்கு முந்தைய ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஊறும், வெடிக்கும், பிசுபிசுத்துப்போகும். ஒரு காலையில் தரையெல்லாம் பெட்ரோல். ரப்பர் குழாய்களைப் புதுசாக மாற்றிவிட்டு, பாய் ஒரு வார்த்தை பேசாமல் பழைய ஒற்றைக் கார்ப்பரேட்டரையே திரும்ப ஏற்றினார். வண்டி ஒரே அடியில் கிளம்பியது. அந்த இங்கிலாந்து ஜோடி இப்போது பரணில், மாமியார் வீட்டுப் பித்தளை அண்டாவுக்குள் இருக்கிறது.

மேம்படுத்துவது என்றால் எனக்கு ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஞாபகம்தான் வருகிறது. 1985இல் அவர்கள் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒன்றை விட்டார்கள். மேலே இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் ஒய்யாரமான உடம்பு. உள்ளே 1940களின் வான்கார்டு கார் பரம்பரையில் வந்த இன்ஜின். சில வருடங்களில் வண்டியும் நின்றது, கம்பெனியும் நின்றது. அத்தனை இன்ஜினியர்களுக்கே வாய்க்காதது என் வாசலில், ஒரு பதிமூணாம் நம்பர் ஸ்பானருக்கு வாய்த்துவிடுமா?

கடைசித் தோல்வியைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ஹெரால்டின் முன்சக்கரத்துக்கு அடியில் டிரனியன் என்று ஒரு பித்தளைச் சாமான் உண்டு. சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிநுனியில் மரை போட்டு அதற்குள் இறக்கியிருப்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை உள்ளே சுழலும். அதற்கு விட வேண்டியது 90ஆம் நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கிரீஸ் மரையின் இடுக்குக்குள் இறங்காது; இறுகிப்போய் வாயை அடைத்துக்கொள்ளும்; உள்ளே தண்ணீர் தங்கி, இரும்பு துருப்பிடித்து ஒரு நாள் முறியும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே சாமான்தான். லோட்டஸ் எலான்காரர்களும் இதைத்தான் வாங்கிப் போட்டார்கள்.

கார் புத்தகத்தில் 'ஆயில்' என்று தெளிவாகவே போட்டிருந்தது. ஆனால் அந்த ஆயிலை அடிப்பது கிரீஸ் கன்னால், கிரீஸ் நிப்பிள் வழியாக. கிரீஸ் கன், கிரீஸ் நிப்பிள், நடுவில் மட்டும் ஆயிலா? அச்சுப் பிழை என்று முடிவு கட்டினேன். மூன்று வருடம் நல்ல ரகக் கிரீஸாக வாங்கி அடித்தேன். பாய் இரண்டு தடவை கேட்டார்: "அடியில 90 ஆயில் விட்டீங்களா தம்பி?" இரண்டு தடவையும் "அதெல்லாம் தெரியும் பாய், ஆச்சு" என்றேன்.

பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து மச்சினன் வந்திருந்தான். சாயங்காலம் வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு ஹெரால்டில் அழைத்துப் போனேன். இந்த வண்டிக்கு ஒரு பெருமை உண்டு: 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். "மச்சான், ஒரே வெட்டுல திரும்புமா?" என்று அவன் கேட்டதும், கூட்டத்துக்கு முன்னால் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன்.

'டக்' என்று ஒரு சத்தம், பெரிதாகக்கூட இல்லை. மாடு படுக்கும்போது முதலில் முன்னங்காலை மடக்குமே, அப்படி இடது சக்கரம் உள்ளே மடங்க, வண்டி ஒரு பக்கமாக அமர்ந்தது. வேகம் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பருத்திப்பால் வண்டிக்காரர் கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து பார்த்தார். "அண்ணே, திரும்புறேன்னு சொல்லிட்டு உக்காந்துட்டீகளே" என்றார். மச்சினன் போட்டோ எடுத்தான். அது இன்னும் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

மறுநாள் பாய் முறிந்த தண்டைக் கையில் எடுத்தார். மரை இருந்த இடத்தில் அப்பியிருந்ததை நகத்தால் சுரண்டினார். பழைய மெழுகு மாதிரி உதிர்ந்தது.

"புத்தகத்துல என்ன போட்டிருந்துச்சு?"

"ஆயில்னு."

"நீங்க என்ன வச்சீங்க?"

"கிரீஸ்."

"ஏன் தம்பி?"

அது ரத்தத்திலேயே ஓடுகிறது பாய் என்று சொல்ல முடியுமா? அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது தெரிஞ்சுச்சே" என்றார்.

சென்ற மாதம் வண்டியின் காகிதங்களைப் புதுப்பிக்கும் வேலையாக விதிகளைப் புரட்டினேன். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். நிபந்தனை: அசல் உருவிலேயே இருக்க வேண்டும், சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. நான் செய்யாத மாற்றமா? எண்ணிப் பார்த்தேன். ஸ்டீரியோ எரிந்துபோனது. இரட்டைக் கார்ப்பரேட்டர் அண்டாவில். உருண்ட போல்ட்டுகளுக்குப் பதில் பாய் தன் தகரடப்பாவில் தேடிப் போட்ட அசல் இஞ்சு போல்ட்டுகள். என் கைவேலை எதுவுமே தங்காததால் வண்டி அப்பழுக்கில்லாத அசலாக நிற்கிறது.

அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாதாம். கண்காட்சிக்கு, ஊர்வலத்துக்கு, ஆராய்ச்சிக்கு, அப்புறம் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாமாம். வாசித்துக் காட்டினேன். "இதை எழுதுனவரு நம்ம வாசல்ல வந்து பாத்துட்டுத்தான் எழுதிருக்காரு" என்றாள் மனைவி.

போன ஞாயிறு பாய் வாசலோடு போனவர் நின்று கேட்டார்: "90 ஆயில் விட்டாச்சா?"

முந்தின நாள்தான் விட்டிருந்தேன், புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, இரண்டு சக்கரத்துக்கும், பழைய ஆயில் வழிந்து வரும்வரை. வாய் வழக்கம்போல 'தெ' என்று ஆரம்பித்தது. அடக்கிக்கொண்டு, "விட்டேன் பாய். ஒருதடவை குனிஞ்சு பாத்துச் சொல்லுங்களேன்" என்றேன்.

பாய் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குனிந்தார்.