தழைச்சத்தும் தலைவிதியும்

வாசலில் சரக்கொன்றைக் கன்றை நட்டு, ஒற்றைப் பிள்ளையைப்போல வளர்த்தேன். காலையும் மாலையும் தண்ணீர். மாதம் தவறாமல் யூரியா. அதுவும் தின்று கொழுத்து, இலையும் கிளையுமாக எழுந்து நின்றது. பூவைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை.

தெருமுனையில் யாரும் நடாத ஒரு கொன்றை உண்டு. அதை விசாரிக்க வருவது முதுகு தேய்க்கும் மாடு மட்டும்தான். சித்திரை பிறந்தால் போதும், நகைக்கடை விளம்பரம்போல மஞ்சள் சரங்களைத் தொங்கவிட்டு நிற்கும்.

நர்சரிக்காரரிடம் முறையிட்டேன். "தழைச்சத்தை அள்ளிக் கொட்டினா தழைதானே சார் வரும்? பேர்லயே இருக்கே! வெயில் போதும், விட்டுடுங்க" என்றார்.

விட்டேன். மறு பங்குனியில் இலையெல்லாம் கொட்டியது. "பட்டுப்போச்சு, வெட்டிடலாம்" என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம். பூப்பதற்கு முன் இலை உதிர்ப்பது கொன்றையின் வழக்கம் என்பது தீர்மானம் போட்டவர்களுக்குத் தெரியாது. நல்லவேளை, ஆள் அரிவாளோடு வருவதற்குள் மரம் பூத்துவிட்டது.

இப்போது சிவனுக்கு உகந்ததென்று பூவைப் பறித்துப்போகிறார் பக்கத்து வீட்டு மாமி. உதிர்ந்த இதழும், ஒன்றரை அடி நீளக் கறுப்புக் காய்களும் எங்கள் பங்கு. கேரளத்துக்கு அது மாநில மலர், தாய்லாந்துக்குத் தேசிய மலர்; எங்கள் வீட்டில் காலை ஆறு மணி விளக்குமாறு.